சிவப்பு விரிப்பின் நடுவில்

என் தொழிலில் எதிரே நிற்கிற ஆள் அழ வேண்டும். கைதட்டினால் போதாது. சிரித்தால் போதாது. "ரொம்ப நன்றி லிந்தால்வா" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தாலும் போதாது. அழ வேண்டும். என்னை அமர்த்தி அனுப்புகிறவர்கள் அதற்காகத்தான் அனுப்புகிறார்கள்.

எங்கள் ஊர் பெத்ரா லிசாவில் பிறந்தநாள் வந்தாலும், கல்யாண நாள் வந்தாலும், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பெண்டாட்டியைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தாலும் வாழ்த்து வண்டி போயாக வேண்டும். வெகுகாலம் அந்த வண்டி என்றால் என் இளஞ்சிவப்பு வேன் மட்டும்தான். வீட்டு வாசலில் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்துவேன். பின்கதவைத் தூக்கினால் இடதும் வலதுமாக இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள், சுற்றிலும் பிளாஸ்டிக் ரோஜா. தெருவில் சிவப்பு விரிப்பைப் போடுவேன். ஒரு வாணம் விடுவேன். வாழ்த்துக்குரியவர் என்னவோ ஏதோ என்று ஓடி வருவார். கையைப் பிடித்துக் கூட்டிவந்து விரிப்பின் நடுவில், இரண்டு பெட்டிகளுக்கும் நேர் எதிரே நிறுத்துவேன். அக்கம்பக்கத்து ஜனம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிடும். நான் வண்டியின் பக்கக் கதவோரம் நின்று மைக்கைப் பிடிப்பேன்.

அனுப்பியது யார் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். "இத்தனை அன்பையும் உனக்கு அனுப்பி வைத்தது..." என்று இழுத்து நிறுத்தினால் தெருவே "யாரு? யாரு?" என்று கத்தும். அப்புறம்தான் பெயர். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் எப்பேர்ப்பட்ட ஆளும் உடைந்துபோவார். போலீஸ் சார்ஜன்ட்டை அழ வைத்திருக்கிறேன். விவாகரத்து வக்கீலை அழ வைத்திருக்கிறேன். எனக்குக் குரல் ஒன்றுதான் சொத்து. அடக்கமாக இருக்க வேண்டும் என்று தோன்றவில்லை, உண்மை அதுதான்.

அப்புறம் எட்வானியோ வந்தான். முப்பது வயதுகூட இராது. பளபளவென்று கறுப்பு வேன், கலர் விளக்கு, புகை விடுகிற மெஷின். அவன் குரல் பல்லி கத்துகிற மாதிரி இருக்கும். ஆனால் அவன் வண்டிச் சத்தம் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். இளசுகள் அவனிடம் போகத் தொடங்கின. நானும் சும்மா இருப்பேனா? கிஷடா நகரத்தில் ஸ்பீக்கர் வேலை செய்கிற ஜூசேலியோவிடம் போனேன். பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டு, யாரோ பிரித்து விற்ற பெரிய செட்டிலிருந்து இரண்டு பெட்டி வாங்கிப் போட்டான். புது ஆம்ப்ளிஃபயர், விரல் தடிமனில் வயர், தனி பேட்டரி. முதல் தடவை போட்டுக் காட்டியபோது வண்டியின் நம்பர் பிளேட் அதிர்ந்தது. "இப்ப வரச் சொல்லு அந்தப் பயல" என்று நான் சொன்னதைக் கேட்டு ஜூசேலியோ விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்த வாரத்திலிருந்துதான் ஊர் அழுவதை நிறுத்தியது.

முதலில் கறிக்கடை தமியாவோ. மகள் ரெசிஃபேயிலிருந்து அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து. பெரிய உருவம், ஆனால் சீரியல் பார்த்தே மூக்கைச் சிந்துகிற மனிதன். எனக்கு அல்வா மாதிரி என்று நினைத்தேன். விரிப்பின் நடுவில் நிறுத்தினேன். பேசினேன். சிறுவயதில் அந்தப் பெண் காய்ச்சலில் கிடந்தபோது இவன் தூக்கிக்கொண்டு நடந்த கதையைச் சொன்னேன். சுவரோரம் நின்ற அவன் மச்சினிகள் மூக்கை உறிஞ்சினார்கள். தமியாவோ மட்டும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பஸ் எப்போது வரும் என்று பார்ப்பவன் போல நின்றான். கடைசியில் பெயரைச் சொன்னேன். "ஆங்?" என்றான்.

"உம் மவ! ரெசிஃபேல இருக்கற உம் மவதான்யா!" என்று அவன் மச்சினி கத்திய பிறகுதான் பல்லைக் காட்டினான்.

அடுத்தது ஒரு டீச்சர். அதற்கடுத்தது ஒரு நிச்சயதார்த்தம். அதற்கடுத்தது எண்பது வயதுப் பெரியவர். அவர் காதுக்கு எட்டவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிச்சயதார்த்தப் பெண்ணுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது. அவளும் அசட்டுச் சிரிப்போடு நின்றாள். தெருவோரம் நிற்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், விரிப்பில் நிற்கிற ஆள் மட்டும் கல்லாக நிற்கிறார். இப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததே இல்லை.

முதலில் மைக்கைச் சந்தேகப்பட்டேன். புது மைக் வாங்கினேன். பயனில்லை. பேசும் வேகத்தைக் குறைத்தேன். பிறகு கூட்டினேன். வாசகத்தை மாற்றினேன், கடவுளைக் கொஞ்சம் அதிகமாகச் சேர்த்தேன். அதுவும் ஏறவில்லை. வண்டியில் ஒரு "ஙீ..." சத்தம் வேறு வந்துகொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறும். சரி, கோளாறு இதுதான் என்று சந்தோஷமாக ஜூசேலியோவைக் கூப்பிட்டேன்.

அவன் வந்து வண்டிக்கடியில் படுத்தான். எர்த் வயரைப் பெயிண்ட் மேலேயே முறுக்கி வைத்திருந்தான், அவனே செய்த வேலை. அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, தகரம் தெரிய வைத்து, மறுபடி இறுக்கினான். ஙீ போய்விட்டது. அப்புறம் பெட்டிகளைப் பார்த்தான். சிவப்பு வயர் சிவப்பில், கறுப்பு வயர் கறுப்பில். ஆம்ப்ளிஃபயரைத் திருகிப் பார்த்தான். வெயில் மண்டையைப் பிளந்ததால் எதிர்வீட்டுச் சுவர் நிழலில் போய் ஒதுங்கி நின்றுகொண்டு, "பேசுங்க அக்கா" என்றான்.

நான் மைக்கில் பேசினேன்.

"கணீர்னு இருக்கு. ஒரு குத்தமும் இல்ல."

"அப்ப ஏன்டா எவனும் அழ மாட்டேங்கறான்?"

ஜூசேலியோ கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சத்தம் என் வேல. அது சரியா இருக்கு. அழுவுறது சிரிக்கிறது எல்லாம்... ஜனங்க மாறிட்டாங்க இல்லியா. கொரலுக்கும் ஒரு வயசு இருக்கு இல்லியா."

எனக்கு ஐம்பத்தாறு வயது. அவனுக்கு நல்ல பதிலாக ஒன்று கொடுத்திருக்கலாம். கூலியைத்தான் எண்ணிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து என் மண்டையில் ஒரே கேள்விதான் ஓடியது. கோளாறு வண்டியிலா, என்னிலா? வண்டியில் என்றால் வயரை மாற்றலாம், பெட்டியை மாற்றலாம். என்னில் என்றால் எதை மாற்றுவது? கணவன் பாரா மாநிலத்துப் பக்கம் மரவேலைக்குப் போனவன், அங்கே வேறொருத்தி மேசையில் சாப்பிடப் பழகிக்கொண்டான். பிள்ளைகள் இல்லை. காலையில் சோள மாவை ஆவியில் வேகவைத்து, ஒரு முட்டையோடு தனியாகச் சாப்பிடுகிறேன். மாலையில் டிவியைப் போட்டுவிட்டு அதோடு சண்டை போடுகிறேன். ஊருக்கு நான் வேண்டியவளாக இருப்பது அந்த விரிப்பு விரிகிற நேரத்தில் மட்டும்தான். அதுவும் போய்விட்டால் லிந்தால்வா என்று ஒருத்தி இருப்பதே யாருக்கு ஞாபகம் இருக்கும்?

என் பிறந்தநாள் அந்த மாதத்தில்தான் வந்தது. வாழ்த்து வண்டிக்காரிக்கு யாரும் வாழ்த்து வண்டி அனுப்பியதில்லை. ஊரில் ஒரே வண்டி இருந்தவரை அதற்கு நியாயம் இருந்தது. எட்வானியோ வந்த பிறகு அந்த நியாயம் போய்விட்டது. சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் வண்டியின் பாட்டு எங்கள் தெருமுனையில் திரும்பியது கேட்டது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கையை உதறிவிட்டு ஓடினேன். பூப்போட்ட சட்டையை மாற்றிக்கொண்டேன். உதட்டுக்குச் சாயம் பூசினேன். கதவுக்குப் பின்னால் நின்றேன். உடனே திறந்தால் காத்திருந்த மாதிரி இருக்குமே என்று. பாட்டு நெருங்கி வந்தது. நான்கு வீடு தள்ளி நின்றது. பால்காரர் வீட்டு மருமகளுக்காம், முதல் குழந்தை உண்டாகியிருக்கிறாளாம். எட்வானியோ அந்தப் பல்லிக் குரலில் ஏதேதோ உளறினான். அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். நான் கதவைத் திறக்காமலே உதட்டைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் எட்வானியோவே என் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் நின்றான், பெரிய மனுஷிகளைக் கூப்பிடுவது போல 'தோனா' போட்டுத்தான் கூப்பிட்டான்.

"தோனா லிந்தால்வா, நேராவே கேக்கறேன். வேனக் குடுக்கறீங்களா? எனக்கு ரெண்டாவது வண்டி வேணும். பெட்டியோட, ஆம்ப்ளிஃபயரோட எடுத்துக்கறேன்."

"என்னையும் சேத்து எடுத்துக்கறியா?"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டான். "ஊர்ல பேசிக்கறாங்க. நீங்க பேசினா யாரும் இப்ப அழறதில்லியாம். நான் சொல்லல, ஊர்தான் சொல்லுது. நல்ல பேரோட இருக்கும்போதே வெலகிட்டா நல்லது இல்லியா? வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு வரேன். யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் சொன்னதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சரி, கொடுத்துவிடுவோம் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை ரொட்டிக் கடையில் இவோனியைப் பார்த்தேன். அந்தக் கடைக்காரர் மனைவி. முந்தின வாரம்தான் அவளுடைய வெள்ளிவிழாவுக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தேன். அவளும் அழாதவர் பட்டியலில் ஒருத்தி. முகத்தைத் திருப்பிக்கொண்டு நகரப் பார்த்தேன். விடவில்லை.

"ஏன் லிந்தால்வா, அன்னிக்கு நீ என்னதான் பேசுன?"

"கிண்டலா?"

"கிண்டல் இல்லடி. பாட்டு மட்டும்தான் கேட்டுச்சு. நீ வாயத் தொறந்து தொறந்து மூடுற, எனக்கு ஒண்ணும் வெளங்கல. கெணத்துக்குள்ளேர்ந்து யாரோ மொணமொணக்கற மாதிரி. எம் புருஷன் என் சமையலப் பத்தி அவ்வளவு சொல்லியிருக்காராம்! என் நாத்தனார் செவுத்தோரம் நின்னு அழுதுட்டு, ராத்திரி உக்கார வச்சு எனக்குக் கத சொல்றா. என் கல்யாண நாளு, அழுதது அவ!"

ரொட்டிப் பையோடு அப்படியே நின்றேன். சுவரோரம் நின்றவளுக்குக் கேட்டிருக்கிறது. விரிப்பில் நின்றவளுக்குக் கேட்கவில்லை. தமியாவோ "ஆங்?" என்றது ஞாபகம் வந்தது. ஜூசேலியோ சோதித்துப் பார்த்ததும் சுவர் நிழலில் நின்றுதான். நானோ எப்போதும் கதவோரம். நாங்கள் யாருமே ஒருநாளும் அந்த விரிப்பில் நின்று கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் அங்கே நிற்க எனக்கு ஒரு காரணமே வந்ததில்லை.

மறுநாள் ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெரு முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தது. வேனை என் வீட்டு வாசலுக்கே பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தினேன். விரிப்பில் நானே நிற்க வேண்டும் என்றால் மைக்கில் யார் பேசுவது? அதனால் முதலில் வீட்டுக்குள் உட்கார்ந்து போனில் என் குரலைப் பதிந்துகொண்டேன். வழக்கமான பாணிதான். ஒரு பெயர் வேண்டுமே என்று என் பெயரையே போட்டேன். "லிந்தால்வா, இந்தத் தெரு உன்னைத் தினமும் பார்க்கிறது, ஆனால் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது" என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். "இத்தனை அன்பையும் உனக்கு அனுப்பி வைத்தது..." என்ற இடத்துக்கு வந்ததும் இழுத்து நிறுத்தினேன். மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இல்லை. பதிவை அதோடு நிறுத்திவிட்டேன்.

பாட்டைப் போட்டு, மேலே குரலையும் ஓடவிட்டு, விரிப்பின் நடுவில் போய் நின்றேன்.

பாட்டு ஜோராக வந்தது. வயலின் இந்தப் பக்கம், கிட்டார் அந்தப் பக்கம். குரல் இல்லை. ஏதோ ஒரு முனகல், மூக்கடைத்தவன் தலையணைக்குள் பேசுகிற மாதிரி. இடதுபக்கம் இரண்டு எட்டு நகர்ந்தேன். "லிந்தால்வா!" என்று என் குரல் காதைப் பிடித்து இழுத்தது. நடுவுக்கு வந்தேன், காணோம். வலதுபக்கம் போனேன், வந்துவிட்டது. பைத்தியம் மாதிரி அந்த விரிப்பில் இங்கும் அங்கும் ஓடினேன். எந்த இடத்தில் ஊரையே கொண்டுவந்து நிறுத்தினேனோ, சரியாக அந்த இடத்தில் மட்டும் என் குரல் செத்துக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நடுத்தெருவில் தனியாக நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஜூசேலியோவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே கூச்சல். மாமனார் வீட்டில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்களாம். யாரோ பாடினார்கள், யாரோ தண்ணீரில் குதித்தார்கள்.

"நடுவுல நின்னா மட்டும் கொரலு போவுதா?" என்றான். "ஐயோ அக்கா! ஒரு பெட்டி காத்தத் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. உங்க கொரலு ரெண்டு பெட்டிலயும் ஒரே மாதிரி வருது, அதான் நடுவுல ஒண்ண ஒண்ணு தின்னுடுது. பாட்டு ரெண்டு பக்கமும் வேற வேற, அதனால தப்பிச்சிடுது."

"வயர்லாம் சரின்னு சொன்னியேடா! செவப்புல செவப்பு, கருப்புல கருப்புன்னு!"

"வெளியில சரி. பெட்டிக்குள்ள பழைய ஓனர் எவனோ மாத்தி வச்சிருப்பான். வீட்ல சின்ன பேட்டரி இருக்கா, கடியாரத்துப் பேட்டரி? ஆம்ப்ளிஃபயர அணைச்சுட்டு வயரக் கழட்டுங்க. பேட்டரியோட மொட்டுப் பக்கத்தச் செவப்புல வைங்க, அடிப்பக்கத்தக் கருப்புல. ஸ்பீக்கர் காகிதம் வெளியில வந்தா நல்ல பெட்டி. உள்ள போனா அதான் திருடன்." அந்தப் பக்கம் யாரோ அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "வரட்டா அக்கா? கறி ஆறுது."

சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்தேன். இடது பெட்டி வயர் முனைகளில் வைத்தேன். டொக் என்று ஸ்பீக்கர் முன்னால் வந்தது. விரலை வைத்துப் பார்த்தேன், தெரிந்தது. வலது பெட்டியில் வைத்தேன். டொக். உள்ளே போனது. மறுபடியும் வைத்தேன். மறுபடியும் உள்ளே. அந்தப் பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டேன், கால்தான் வலித்தது. அப்புறம் வண்டிக்குள் ஏறி, அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் நிறத்தைப் பார்க்காமல் வயரை மாற்றிச் செருகினேன். சிவப்பில் கறுப்பு, கறுப்பில் சிவப்பு. அவ்வளவுதான் வேலை.

சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும் இல்லையா. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, விரிப்பின் நடுவில் போய் நின்றேன். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மெக்கானிக் மாதிரி நின்றேன்.

"லிந்தால்வா."

நெஞ்சில் வந்து இடித்தது. காதில் விழுந்தது என்று சொன்னால் பொய். நெஞ்செலும்பில்தான் விழுந்தது. "இந்தத் தெரு உன்னைத் தினமும் பார்க்கிறது, ஆனால் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது." நான் எழுதாத, அரை மணி முன்னால் வாய்க்கு வந்தபடி உளறிய வாசகம். "நீ ஊருக்கெல்லாம் அன்பைச் சுமந்துகொண்டு போனாய். போன வீட்டிலெல்லாம் கேக் வெட்டினார்கள். நீ விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாய். நீ போன பிறகு அவர்கள் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள், தெரியுமா?" என்றது அந்தக் குரல். நல்ல குரல். வயதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. இடுப்பிலிருந்த கை தானாக இறங்கியது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என் முகம் கோணிக்கொண்டது. அந்தச் சார்ஜன்ட் எப்படி அழுதானோ அப்படி, வாயைத் திறந்துகொண்டு அழுதேன்.

சந்தோஷம்தான். கோளாறு என்னில் இல்லை என்று தெரிந்துபோன சந்தோஷம். ஆனால் அழுதது அதற்காக மட்டும் இல்லை.

நான் ஒன்றை மறந்துவிட்டிருந்தேன். வாழ்த்து வண்டிப் பாட்டு கேட்டால் எங்கள் தெரு தூக்கத்திலிருந்து எழுந்தாவது வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் எதிர்வீட்டு தோனா கியோமார் நாற்காலியோடு நிற்கிறாள். பால்காரர் குடும்பம் மொத்தமும் வரிசையாக நிற்கிறது. யார் யாரோ சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வருகிறார்கள். எல்லோர் முகத்திலும் ஒரே சிரிப்பு. ஓடிப்போய் நிறுத்தலாம் என்று காலெடுப்பதற்குள் குரல் அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

"இத்தனை அன்பையும் உனக்கு அனுப்பி வைத்தது..."

"யாரு? யாரு?" என்று தெரு கத்தியது.

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வயலின் இந்தப் பக்கம், கிட்டார் அந்தப் பக்கம். அவர்கள் இன்னொரு முறை கத்தினார்கள், "யாரு?" கொஞ்சம் மெதுவாக. பிறகு பாட்டும் முடிந்துவிட்டது.

"டெஸ்ட்தான்" என்றேன். "ஸ்பீக்கர்ல கோளாறு. சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்."

"அழுதுக்கிட்டேயா டெஸ்ட் பண்ணுவாங்க?" என்றாள் தோனா கியோமார். "பேரச் சொல்ல வேணாம்னா வேணாம். எங்களுக்கு என்ன, தெரியாமலா போயிடும்? வாங்கடி, அவ வெக்கப்படறா."

ஒரு வாரம் ஊர் எனக்கு மாப்பிள்ளை பார்த்தது. மருந்துக்கடைப் பெரியவர் என்றார்கள். அவருக்குப் போன வருஷம்தான் மனைவி தவறியது. கோயில் மணி அடிக்கிறவன் என்றார்கள். ஜூசேலியோ என்றுகூடச் சிலர் சொன்னார்கள், அவன் மாமனார் காதில் விழுந்திருந்தால் தொலைந்தான். பாராவிலிருந்து பழைய ஆள் மனந்திருந்தி அனுப்பியது என்று தமியாவோ அடித்துச் சொன்னான், எனக்கு ஈரல் நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "அப்படித்தானே?" என்று கண்ணடித்தான். நான் மறுத்துப் பார்த்தேன். மறுக்க மறுக்க அவர்களுக்குக் குஷி. மூன்றாவது நாளிலிருந்து மறுப்பதை நிறுத்திவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது. ரொட்டி வாங்கப் போகும்போது தலையை வாரிக்கொண்டு போனேன்.

நடுவில் வியாழக்கிழமை ஒரு வேலை வந்தது. தபால்காரனுக்குப் பணி ஓய்வு, கூட வேலை செய்கிறவர்கள் அனுப்பியது. விரிப்பில் நிறுத்தி இரண்டு வரிகூடப் பேசியிருக்க மாட்டேன், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். பெயர்களைச் சொன்னபோது மண்டி போட்டே உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்கு வந்து ஒரு பெரிய டம்ளர் காபி போட்டுக் குடித்தேன்.

ஞாயிறன்று சொன்னபடி எட்வானியோ வந்தான். உட்காரச் சொன்னேன். காபி ஊற்றினேன்.

"வேன் விக்கறதுக்கில்லப்பா. கோளாறு பெட்டியில. ஒரு வயரு. மாத்திட்டேன்."

"கேள்விப்பட்டேன். தபால்காரர் இன்னும் அழுதுக்கிட்டிருக்காராம்." அவன் சிரித்தான். கோபப்படவில்லை. தொப்பியை முழங்காலில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். "தோனா லிந்தால்வா, இன்னொண்ணு. ஊர்ல எல்லாரும் என்னத்தான் புடிச்சுக் கேக்கறாங்க."

"எதக் கேக்கறாங்க?"

"போன ஞாயிறு உங்களுக்கு யாரு அனுப்பினாங்கன்னு. இன்னொரு வாழ்த்து வண்டிக்காரன் நான்தானே. எங்கிட்ட வந்துதான் ஏற்பாடு பண்ணியிருப்பாங்க, உங்க வண்டியவே எடுத்து எதோ தந்திரம் பண்ணியிருக்கேன்னு நெனக்கறாங்க."

என் கையிலிருந்த கெண்டி நின்றுவிட்டது. இதை நான் யோசிக்கவே இல்லை. ஊருக்கே தெரியாதது இந்த ஒருவனுக்குத் தெரியும். யாரும் வரவில்லை, யாரும் கேட்கவில்லை, யாரும் அனுப்பவில்லை என்று இவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

"நீ என்ன சொன்ன?"

"தொழில் ரகசியம்னு சொல்லிட்டேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. மேசைத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு முகமெல்லாம் சுட்டது. இவனைப் பல்லி என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அவன் எழுந்துபோயிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவன் எழவில்லை. அதனால்தான் கேட்டுவிட்டேன்.

"எட்வானியோ, நீ இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து, யாராவது... எனக்குன்னு... அனுப்பாட்டியும் போவுது. எவ்வளவு ஆகும்னு விசாரிச்சாவது இருக்காங்களா?"

தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்த அவன் விரல் நின்றது.

"விசாரிச்சாங்க" என்றான். "ஒருத்தர் வந்து விசாரிச்சாரு."

குரலை வைத்துச் சோறு தின்கிறவள் நான். உண்மை சொல்கிற குரல் எது, இல்லாததைச் சொல்கிற குரல் எது என்று எனக்குத் தெரியும். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாவம், அவன் ஒரு பெயரைத் தேட வேண்டியிருக்கும்.

"காபி ஆறுது, குடி" என்றேன்.